தனித்தனித் தேதிகள்

கோலா சிலாங்கூரில் காலை எட்டரைக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால்தான் எட்டு மணிக்கே வந்து உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டேன் சார். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் ஒரு லாயரிடம் ஃபைல் பார்க்கும் கிராணியாக இருந்தவன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

போன வாரம் என் மகன் முகுந்தன் உங்களிடம் வந்து சில விஷயங்களைச் சொல்லியிருக்கிறான். பொய் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்வதே முறை.

எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லாம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். கோர்ட், போலீஸ் என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். லெட்சுமியும் அப்படித்தான் வந்தாள். கணவன் இல்லை. தனேஷ் ஒரே பிள்ளை, என் மகனோடு படித்தவன். தஞ்சோங் காராங் வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றைத் திருடி லோரியில் ஏற்றும்போது பிடிபட்டுவிட்டான். அதை அவன் மறுக்கவில்லை.

அதே வட்டாரத்தில் அதற்கு முன் நான்கு பம்புகள் காணாமல் போயிருந்தன. அந்த நான்கையும் சேர்த்து அவன்மேல் ஐந்து குற்றச்சாட்டுகள் வைத்தார்கள். ஜாமீனில் வந்த அன்றே என்னைப் பார்க்க வந்தான்.

“அங்கிள், அந்த நாலும் நான் செய்யல. ஒன்னுக்கு மட்டும் கில்டி சொல்லிடவா?”

“ஒன்னு மட்டும் சொன்னா, மத்த நாலுக்கும் கேசு இழுத்துக்கிட்டே போகும். அஞ்சையும் ஒத்துக்கிட்டு முடிச்சிடுலா. தண்டனை எல்லாம் ஒன்னாத்தான் ஓடும். ரெங்கசாமி மகனுக்கு அப்படித்தானே ஓடுச்சு?”

ரெங்கசாமி மகன் ஒரு கடையை உடைத்து, திருடி, தடுக்க வந்த காவலாளியையும் அடித்தான். மூன்று குற்றத்துக்கும் தலா இரண்டு வருடம். இரண்டு வருடம் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் தாமானில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை, எத்தனை குற்றம் ஒத்துக்கொண்டாலும் வருடம் ஏறாது என்று. அது தவறு சார். அவன் செய்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் நடந்தவை. அதனால் ஒன்றாக ஓடவிட்டார்கள். வேறு நாள், வேறு வயல், வேறு சொந்தக்காரர் என்றால், ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று போட நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. இவ்வளவு காலம் ஃபைல் தூக்கியவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

லாயர் தேவையில்லை என்று லெட்சுமியிடம் சொன்னேன். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்கும் மனுவை நானே மலாயில் எழுதினேன். ஐந்து சம்பவத்தையும் ஐந்து பத்தியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, வயல், சொந்தக்காரர் பெயர். கடைசியில், ‘ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்த பிறகே சென்றேன், அதற்காக வருந்துகிறேன்’ என்று ஒரு வரி. தனேஷ் முழுவதும் படித்துப் பார்த்தான். “நல்லா எழுதியிருக்கீங்க அங்கிள்,” என்று கையெழுத்துப் போட்டான்.

மாஜிஸ்திரேட் அந்த வரியைத்தான் வாசித்தார். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திட்டமிட்ட குற்றம் என்றார். தலா இரண்டு வருடம், ஒன்றன்பின் ஒன்றாக. மொத்தம் பத்து. தனேஷ் கூண்டில் நின்றபடி என் பக்கம் திரும்பினான். ஏதோ தப்பு நடந்துவிட்டது, அங்கிள் எழுந்து சரிசெய்வார் என்று நினைத்திருப்பான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம். நான்காம் நாள் லெட்சுமி வந்தாள். “நீங்கதான்ணே ஏதாவது செய்யணும்.” நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினைந்தாம் நாள்வரை பார்த்துக்கொண்டேன்.

காரணம் கேட்கிறீர்கள். தனேஷ் பிடிபடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, என் வீட்டுக்குப் பின்னால் எதையோ மூடிக் கிடந்த கித்தானை விலக்கிப் பார்த்தபோது ஒரு பம்பு இருந்தது. முகுந்தனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். ரவாங் தொழிற்சாலையில் அவனுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகி, கல்யாணமும் பேசி முடித்திருந்தோம். அந்த நான்கு கேசும் திறந்து கிடக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டால்தான் மூடும். ஏற்கெனவே உள்ளே போகப்போகிறவன் ஒருவன் இருந்தான். நான் யாரையும் புதிதாகப் பிடித்துக் கொடுக்கவில்லை.

ஒரு குற்றத்தோடு போயிருந்தால், நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்து, பதினாறு மாதத்தில் வீட்டுக்கு வந்திருப்பான். மூன்றாம் வருடம் சிறையில் நுரையீரல் கெட்டு இறந்துபோனான். அது நோய். அதை யார் தலையிலும் போட முடியாது.

உடலைக் கொண்டுவந்தபோது கொள்ளி வைக்க ஆளில்லை. லெட்சுமி முகுந்தனைக் கேட்டாள். “கூடப் படிச்சவன்லா, அண்ணன் மாதிரி. நீயே வச்சிடு ஐயா.” அவன் வைத்தான். திரும்பி வந்தவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் என்னிடம்கூடச் சொல்லாமல் உங்களிடம் வந்துவிட்டான். அந்த நான்கையும் தனேஷ் ஏன் ஒத்துக்கொண்டான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அது முழுக்க என்னுடைய வேலை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத் தண்டனை ஓர் ஆளை நசுக்கிவிடக்கூடாது என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. முகுந்தனுக்கு இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது, கைக்குழந்தை இருக்கிறது. இந்த வயதில் ஒருவனை அவ்வளவு காலம் உள்ளே போட்டால் செத்துப்போய்விடுவான் சார்.