நாலாம் கேட்டின் தகடு

கால்பந்து ஆட்டத்தை நேரில் பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு மெத்தைத் துண்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது. அந்த பிளாஸ்டிக் இருக்கையில் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பு மூன்று நாளைக்குப் பேசும். நான் இரண்டு கொண்டுபோனேன். இரண்டும் அக்கா வீட்டு சோபாவிலிருந்து உருவியவை. "மேட்ச் பாக்கப் போறியா, தனிக்குடித்தனம் போறியா?" என்று அக்கா கேட்டாள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று காலையில் எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

மேடம், உங்கள் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன். எங்கேயாவது வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த மைதானத்தில் பதினெட்டு வருடமாகப் பூட்டு, கேட், கொக்கி எல்லாம் என் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமைவரை ஒரு ஆட்டத்தைக்கூட இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்ட நாளில் என் இடம் படிக்கட்டுக்கு அடியில். மேலே நடப்பதை நான் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொள்வேன். கோல் விழுந்தால் ஒரு மாதிரி, தவறினால் ஒரு மாதிரி. கூட்டம் இறங்குகிறதா, ஏறுகிறதா, நெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

அன்று என்னோடு ஆட்டம் பார்க்க வந்தவன் எனக்குப் போனில்தான் பழக்கம். எங்கள் அணிக்கு ஒரு ரசிகர் குழு இருக்கிறது, எல்லோருக்கும் அதில் ஒரு பட்டப்பெயர். நான் சாவிக்கொத்து. அவன் கார்னர். கார்னர் கிக் கிடைத்தாலே பாதி கோல் என்று சாதிப்பான், அதனால் அந்தப் பெயர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஒருநாள் ஆஃப்சைடு பற்றிக் குழுவில் எல்லோரும் என்னைக் கேலி செய்தபோது, தனியாக எனக்கு எழுதினான். "விடுங்கண்ணே, இவங்களுக்கு என்ன தெரியும்?" அதிலிருந்து ஐந்து மாதம் தினமும் பேச்சுதான். மத்தியானம் ஒரு மணிக்கு "சாப்டீங்களாண்ணே?" என்று வந்துவிடும். நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு மூடி வைத்திருக்கும், பசித்தால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யாரும் கேட்பதில்லை. அவன் கேட்டான். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கே அப்போது தெரியாது.

சேர்ந்து ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன். சனிக்கிழமை மத்தியான ஆட்டம். நாலாம் கேட்டுக்கு நேர் மேலே இரண்டு இருக்கை வாங்கினேன். அன்றைக்கு எனக்கு விடுப்பு. ஆனால் நாலாம் கேட்டுக் காவலாளி பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ போய்ப் பல்லைக் காட்டு, நான் மேலதான் இருக்கேன், நேரம் வந்தா திறந்துடுறேன்" என்று அனுப்பி வைத்தேன். அந்தச் சாவியும் அதோடு இருந்த கேட் தகடும் என் சட்டைப் பைக்கு வந்தது அப்படித்தான். அதில் எந்தத் திட்டமும் இல்லை.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நாலாம் கேட் வெளியே போவதற்கு மட்டும். ஆட்டம் நடக்கும்போது பூட்டியிருக்கும், எழுபதாவது நிமிடம் திறந்து, மறுபடி மூடாதபடி கொக்கி மாட்ட வேண்டும். மாட்டியவர் அந்தக் கேட்டின் எண் போட்ட தகரத் தகட்டைக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் அறையில் ஆணியில் தொங்கவிடுவார். ஒன்பது கேட், ஒன்பது ஆணி. ஒன்பதும் நிறைந்துவிட்டால் மேற்பார்வையாளர் கேட்டைப் போய்ப் பார்க்க மாட்டார், தகட்டைத்தான் பார்ப்பார். பதினெட்டு வருடத்தில் ஒரு தகடும் பொய் சொன்னதில்லை. இந்த ஏற்பாடே நான் சொல்லி வந்ததுதான்.

அவன் போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. நகக்கண்ணில் வெள்ளைத் தூள். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மெத்தையைக் கொடுத்தேன். "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறீங்க" என்றான். முதல் பாதி முழுக்க வாய் ஓயாமல் பேசினோம். இரண்டு கோல் வாங்கினோம், அதுகூட எனக்கு வலிக்கவில்லை. இத்தனை நாள் காலடியாகக் கேட்ட ஆட்டத்தை ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தலைகால் புரியவில்லை என்பார்களே, அப்படித்தான் இருந்தேன்.

இடைவேளையில் அவன் பேச்சுவாக்கில் சொன்னான். "நான் எழுபத்தஞ்சுல கிளம்பிருவேண்ணே. கூட்டத்துல மாட்டினா பஸ் கிடைக்காது."

"கடைசிப் பதினஞ்சு நிமிஷம்தான்டா ஆட்டமே" என்றேன். இதை அவனுக்கு ஐந்து மாதமாக எழுதியிருக்கிறேன்.

"போன்ல பாத்துக்குறேண்ணே."

"சரி, அடுத்த ஆட்டத்துக்காவது கடைசிவரைக்கும் இரு."

"அடுத்தது டீச்சரக்கா கூட. போன தடவை டிரைவர் அண்ணன் கூட வந்தேன். நம்ம குழுவுல ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு மேட்ச்னு வச்சிருக்கேன். உங்களது முடிஞ்சுதுல்ல?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பிறகு ஒரு நினைப்பு ஓடியது, மத்தியானம் ஒரு மணிக்கு எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போகிறது என்று.

அறுபத்தெட்டாவது நிமிடம் எழுந்தேன். "கேட்டைத் திறந்துட்டு வந்துடுறேன்" என்று அவனிடம் சொன்னேன். கீழே இறங்கவில்லை. நேரே மேற்பார்வையாளர் அறைக்குப் போய்த் தகட்டை மாட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டே, "நாலு முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இதில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் இறங்குவான், கேட் பூட்டியிருக்கும், மேலே வருவான். வந்த பிறகு பதினைந்து நிமிடம் சேர்ந்து பார்ப்போம். அவ்வளவுதான் கணக்கு.

எழுபத்தைந்தில் சொன்னபடி எழுந்தான். என் தோளைத் தட்டி, "வர்றேண்ணே" என்றான். எழுபத்தேழில் எதிரணி மூன்றாவது கோல் போட்டது. எங்கள் பகுதியில் பாதிக் கூட்டம் திட்டிக்கொண்டே எழுந்து அதே படிக்கட்டில் இறங்கியது. அந்தப் படிக்கட்டில் இரண்டு திருப்பம். மேலே நிற்பவர்களுக்குக் கீழே கேட் பூட்டியிருப்பது தெரியாது, அவர்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

எழுபத்தொன்பதில் போன் வந்தது. "அண்ணே, கேட்டு பூட்டியே இருக்கு. பின்னாடி ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"மேல வந்துடு தம்பி" என்றேன்.

"வர முடியலண்ணே. சின்னப் புள்ளைங்கல்லாம் இருக்காங்க."

"கொஞ்சம் விலக்கிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மைதானத்தின் வெளிப்பக்கமாக நடந்தால் என் இருக்கையிலிருந்து நாலாம் கேட்டுக்கு இரண்டு நிமிடம். நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். ஏன் போகவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், மேடம். அந்த நேரத்தில் திறந்தால் கேட்டுக்கு முன்னால் நிற்பவன் அவன்தான். நேரே பஸ்ஸுக்குப் போயிருப்பான்.

எண்பத்திரண்டில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மைதானமே எழுந்து கத்தியது. படிக்கட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் அதைக் கேட்டு மேலே ஏறப் பார்த்தார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் இரண்டு கூட்டமும் மோதியது. இதை நான் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே கேட்டேன். முதலில் நெரிகிற சத்தம். அப்புறம் யாரோ விழுகிற சத்தம். அதன் பிறகு, அவ்வளவு பேர் இருக்கிற படிக்கட்டில், காலடிச் சத்தமே நின்றுபோனது. பதினெட்டு வருடத்தில் நான் கேட்காத சத்தம் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நேற்று சொன்னது பொய். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

போன் இன்னொரு தடவை அடித்தது. எடுத்தேன். வார்த்தை எதுவும் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. காதில் வைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. "தம்பி, கார்னர்டா" என்று சொன்னேன்.

இறந்தது பதினாறு பேர் என்கிறீர்கள். அதில் அவனும் ஒருவன் என்கிறீர்கள். கேட்டை நான் திறக்கவில்லை, தகட்டை மாட்டியது நான், சாவி கடைசிவரை என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனுக்கு நான் எதிரி என்று மட்டும் எழுதாதீர்கள்.

எண்பத்தெட்டாவது நிமிடம் நின்றுகொண்டிருந்த ஒருவர் பக்கத்து இருக்கையைக் காட்டி, "இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். "ஆள் இருக்கு. கீழ போயிருக்காரு, இப்ப வந்துருவாரு" என்று சொல்லி அதில் கையை வைத்துக்கொண்டேன். விசில் ஊதும்வரை கையை எடுக்கவில்லை. அந்த டீச்சரக்காவைக் கேட்டுப் பாருங்கள், மேடம், அவனுக்காக இவ்வளவு செய்திருப்பாளா என்று.