கடைசி ஆள் கடக்கும்வரை துடைப்பம் இறங்கக் கூடாது

அவைக்குத் தலைமையேற்று, என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே இடையிடையே கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஓட்டக் குழுத் தலைவர் மருத்துவர் ஐயா அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் ஆன்றோர்களே, சான்றோர்களே! விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, பாதையோரம் நின்று கை சிவக்கக் கைதட்டிய தாய்மார்களே! பதக்கத்தை இன்னும் கழற்ற மனமில்லாமல் மார்பில் சுமக்கும் ஓட்ட வீரர்களே! இருக்கை காலியாக இருந்தும் உட்காரத் தயங்கி, பின்சுவரில் சாய்ந்து நிற்கும் என் தூய்மைப் பணித் தோழர்களே, தோழியரே! சங்கத்தின் செயலாளர் என்ற முறையிலும், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துடைப்பம் பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரி என்ற முறையிலும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று இந்த மேடையில் எனக்கு ஒரு கேடயம் தந்திருக்கிறீர்கள். கனமான கேடயம், கண்ணைப் பறிக்கும் கேடயம். "பசுமை ஓட்டம் முடிந்த நாற்பதே நிமிடத்தில் பாதையைப் பளிங்காக்கிய படைக்கு" என்று பொறித்திருக்கிறீர்கள். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள். நான் பேசி முடித்த பிறகும் தட்டுவீர்களா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பசுமை ஓட்டம்! பெயர் எவ்வளவு குளிர்ச்சி! ஓட்டத்திற்கு வந்தவர்கள் எட்டாயிரம் பேர். ஓடிய தொலைவு இருபத்தொரு கிலோமீட்டர். வழியில் தண்ணீர் மேசைகள் ஏழு. கையில் வாங்கி, இரண்டு மிடறு குடித்து, மீதியைத் தலையில் ஊற்றி, வீசி எறிந்த காகிதக் குவளைகள் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. "அதெல்லாம் மக்கும் குவளைம்மா, கவலைப்படாதீங்க" என்றார் குழுவிலிருந்து வந்த தம்பி. மக்குமா? எங்கள் உரக்கிடங்குக்குக் கொண்டுபோனோம். கிடங்குக்காரர் ஒரு குவளையை எடுத்தார். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். ஒரு பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. "இதை நான் உள்ள விட மாட்டேன்க்கா, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். மக்காத குவளைக்கு மக்கும் என்று பெயர் வைத்தால் மண் ஏமாந்துவிடுமா, ஐயா?

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரிப்பதற்கு இதுதான் கடைசி இடம்.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் 'புயல்'. சின்ன வயதிலேயே கால்கள் கைவிட்டுவிட்டன. கைகள் கைவிடவில்லை. பகலில் தையற்கடையில் காலர் தைப்பாள். கடை அடைத்ததும் தன் மூன்று சக்கர ஓட்ட நாற்காலியில் ஏறிச் சந்தைச் சாலையைச் சுற்றுவாள். நான்கு ஆண்டு சுற்றினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, சுற்றினாள். தோள்பட்டை வீங்கியது, சுற்றினாள். "ஏன்டி, கொஞ்சம் ஓய்வெடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டால், "ஓய்வெடுக்கிற வயசு வரும்போது எடுத்துக்கறேன், நீ சோத்தைப் போடு" என்பாள். எதற்காகச் சுற்றினாள்? உங்கள் ஓட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால், தேசிய அணியின் தேர்வு முகாமுக்கு அழைப்பு. அந்த முகாமுக்கு முப்பது வயது வரைதான் சேர்ப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தொன்று பிறக்கிறது. இந்த ஓர் ஓட்டம்தான் அவளுக்கு மிச்சம்.

இப்போது உங்கள் கருணையைச் சொல்கிறேன். சக்கர நாற்காலிகள் பதினொன்று. அவற்றை எங்கே நிறுத்தினீர்கள்? எல்லோருக்கும் கடைசியில்! "கூட்டத்துல அடிபட்டுடக் கூடாதும்மா, உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றீர்கள். பாதுகாப்பு! சரிவில் சைக்கிளை முந்தும் சக்கரத்தை, பேசிக்கொண்டே நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் நிறுத்துவது பாதுகாப்பா? முன்னால் ஆளில்லாத சாலை அவர்களுக்குப் பாதுகாப்பா, எட்டாயிரம் முதுகுகள் பாதுகாப்பா? துப்பாக்கி வெடித்துப் பதினெட்டு நிமிடம் கழித்துத்தான் என் தங்கையின் சக்கரம் கோட்டைத் தொட்டது. கடிகாரமோ வெடித்த நொடியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனாலும் புயல் அல்லவா? வழி கேட்டாள், வழி விட்டார்கள். வழி விடாத இடத்தில் வழி உண்டாக்கினாள். பாதிப் பேரைப் பின்னுக்குத் தள்ளினாள். பதினான்காவது கிலோமீட்டரில், ஐந்தாவது தண்ணீர் மேசைக்கு அவள் வரும்போது, இழந்த நேரத்தை எல்லாம் ஏறக்குறைய மீட்டுவிட்டிருந்தாள்.

அந்த ஐந்தாவது மேசையின் ஓரம், நடைபாதையில், கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தவள் நான்.

கொஞ்சம் பொறுங்கள், ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

தோழர்களே, நம் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பின்சுவரில் நிற்கிற உங்களுக்கு அது தெரியும், முன்வரிசைக்குத் தெரியாது. கடைசி ஆள் கடக்கும்வரை துடைப்பம் சாலையில் இறங்கக் கூடாது. ஓடுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பது சொல்லப்படும் காரணம். அன்று காலை உண்மையான காரணத்தையும் கேட்டேன். மேசைக்கு அப்பால் சாலை வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில் நனைந்த குவளைகள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. சர்க்கரைத் தண்ணீர் ஊறிய பஞ்சுகள் கிடந்தன. கால் என்றால் தாண்டிவிடும், சக்கரம் எப்படித் தாண்டும்? நான் மேற்பார்வையாளரிடம் போனேன்.

"சார், ஒரு நாற்காலி போற அகலத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டுடட்டுமா? மூணு நிமிஷ வேலை."

அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினார். "யம்மா, மேல கேமரா பறக்குது பாரு. துடைப்பத்தோட யாரும் படத்துல தெரியக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. கடைசி ஆள் போகட்டும், அப்புறம் உன் இஷ்டம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊர்வலத்தில் முன்னால் நடந்தவள் நான். அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து போராடியவள் நான். ஆணையரிடமே நேருக்கு நேர் நின்று பேசியவள் நான். "சரி சார்" என்று சொல்லி நடைபாதையில் ஏறி நின்றுகொண்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்! வாய் சங்கத்தில் பேசும், கால் உத்தரவைக் கேட்கும்.

அவள் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். சிரித்தாள். வளைவில் திரும்பினாள். இடதுசக்கரம் குவளைக் குவியலில் ஏறி வழுக்கி, வண்டி நடைபாதைக் கல்லில் போய் மோதியது. சத்தம் கேட்டபோது துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போது போட்டு என்ன பயன்? சக்கரம் வளைந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தக் கையாலேயே இன்னும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். வண்டி நகரவில்லை.

பின்தங்கியவர்களை ஏற்றும் வேன் வந்தது. அவளை ஏற்றினார்கள். நாற்காலிக்கு வேனில் இடமில்லை. "குப்பை லாரியில போட்டு அனுப்பும்மா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் வேன்காரர். என் லாரி ஐயா அது! நான்கு ஆண்டு உழைப்பை, நானே தூக்கி, உங்கள் குவளைகளுக்கு மேலே வைத்தேன்.

வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டாள்.

"அக்கா, நீ அங்கதானே நின்னே?"

"ஆமாடி."

"துடைப்பம் கையிலதானே இருந்துச்சு?"

அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. "சுருக்கமாக முடிக்கவும்." முடித்துவிடுகிறேன் ஐயா. என் தங்கையின் முகாம் கனவு முடிந்ததை விடவா சுருக்கமாக முடிக்க முடியும்?

அவளுக்கும் ஒரு சான்றிதழ் அனுப்பினீர்கள். விதை பதித்த காகிதமாம். மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் செடி முளைக்குமாம். அதில் எழுதியிருக்கிறது: "உற்சாகமாகப் பங்கேற்றமைக்கு." இதை வாங்கிப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு எனக்குக் கசக்கிறது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

யார் முதலில் ஓடினார்களோ அவர்களுக்குச் சுத்தமான சாலை. யாரைக் கடைசியில் நிறுத்தினீர்களோ அவர்களுக்கு உங்கள் எச்சில் சாலை! குப்பை ஒரு பிரச்சினை, நாற்காலி இன்னொரு பிரச்சினை என்று இரண்டு உபகுழு போட்டிருக்கிறீர்களாம். இரண்டும் ஒரே வளைவில்தான் மோதிக்கொண்டன, ஐயா. நாற்காலிகளை முதலில் அனுப்புங்கள், கால்மணி நேரம் முன்னால். அவரவர் குவளையை அவரவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வரட்டும், மேசைக்குப் பதில் குழாய் வையுங்கள். இருபத்தொரு கிலோமீட்டர் தன் உடம்பைச் சுமக்கிறவருக்கு ஒரு குவளையா பாரம்? மருத்துவர் ஐயா தலையசைக்கிறார். சென்ற ஆண்டு குப்பையைப் பற்றி நாங்கள் முறையிட்டபோதும் இப்படித்தான் அசைத்தார். அதனால் தலையசைப்பை நம்பி நான் இங்கிருந்து இறங்கப் போவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அடுத்த ஆண்டு உங்கள் முதல் குவளை தரையில் விழும்போதே என் துடைப்பம் சாலையில் இறங்கும். என் பின்னால் இந்தப் பின்சுவர் முழுவதும் இறங்கும். உங்கள் கேமரா பறக்கட்டும். எங்கள் முதுகு படத்தில் தெரியட்டும். வேலையை விட்டு எடுப்பீர்களா? எடுங்கள். "சரி சார்" என்ற சொல்லை அந்த வளைவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நடுவில் எழுந்து போகாமல் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. சீட்டு அனுப்பியும் ஒலிபெருக்கியை அணைக்காத தலைவருக்கு நன்றி. வீட்டுக்குப் போய் என் தங்கையிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: "ஆமாடி, கையிலதான் இருந்துச்சு. தப்பு என்னுது." வருகிறேன். வணக்கம்.