சீலிங்கில் ஒழுகிய தேத்தண்ணி

"எங்க வீட்டு சீலிங்ல இருந்து நேத்து தேத்தண்ணி ஒழுகுச்சுக்கா."

றக்வானையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில், முன் சீட்டில் ஒருத்தி இப்படிச் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சொன்னவள் மடியில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயதிருக்கும். பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் மூத்தவள்.

"என்னடி சொல்ற?"

"மண்ணு சரிஞ்சு லயத்து வீட்டுச் செவரு வெடிச்சதும் தொரை பங்களா ஜீப் கராஜத்தானே எங்களுக்குக் குடுத்தாங்க. தகரக் கூரை. பகல்ல வேகுது, விடிய பனி சொட்டுது. இவளுக்கு மூச்சிழுப்பு விடவே இல்ல. அதான் எங்க வீட்டுக்காரரு பழைய தேயிலைப் பெட்டியப் பிரிச்சு, ஈயத்தாளோட சீலிங் அடிச்சாரு."

"நல்லதுதானே?"

"பலகைக்கு மேல எதையாவது நெரப்புனாத்தான் சூடு எறங்காதுன்னாங்க. பேக்டரில வேல செய்றவருக்கு வேற என்ன கெடைக்கும்? தொரைகிட்ட கேட்டு, கழிவுத் தேயிலைத் தூள மூட்ட மூட்டயா கொண்டாந்து கொட்டிட்டாரு. நேத்து மத்தியான மழைக்குத் தகரத்து ஆணி ஓட்டையால தண்ணி எறங்கி, நல்ல சாயமா சொட்டுது."

மூத்தவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "சீனிதான் கொறையாக்கும்! உமி போட்டிருக்கலாமேடி."

"இனி உமிதான். ஆனா அக்கா, முந்தியெல்லாம் மழ பேஞ்சா தகரச் சத்தத்துல இவ மூச்சு கேக்காது. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே ஒக்காந்திருப்பேன். நேத்து அந்த மழையிலயும் தகரச் சத்தம் கீழ எறங்கல, அடுப்படியில நின்னே இவ மூச்சக் கேட்டேன். இழுப்பில்லாம தூங்குறா. சொட்டுற எடத்துல சட்டிய வச்சிட்டு நானும் பக்கத்துல படுத்துட்டேன்."