சூரையும் களவாவும்

சூரை மீனை அறுக்கும்போது கவனித்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சதை ஆட்டுக்கறி போலச் சிவந்திருக்கும். களவாவை அறுத்தால் வெள்ளைவெளேரென்று இருக்கும். காரணம் எளிது. சூரை இரவும் பகலும் நிற்காமல் நீந்துகிற மீன். களவா பாறை இடுக்கில் கிடக்கும், இரை வந்தால் ஒரே பாய்ச்சல், பிறகு மறுபடி கிடக்கும்.

மனிதனுக்குள் இரண்டும் உண்டு. சிவப்புத் தசைநார் மெல்லச் சுருங்கும், இரத்தம் கொண்டுவரும் காற்றை விடாமல் வாங்கிக்கொண்டு வேலை செய்யும், லேசில் களைக்காது. வெள்ளைநார் வெடுக்கென்று சுருங்கி, சீக்கிரமே அமிலம் ஊறிப் புளித்து ஓய்ந்துவிடும். யாருக்கு எது அதிகம் என்பது பெரும்பாலும் பிறப்போடு வருவது. டிரில் வாத்தியாரான நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கோழியை வைத்து விளக்குவேன். நாளெல்லாம் நடக்கிற காலின் கறி கருஞ்சிவப்பு. எப்போதாவது படபடக்கிற சிறகுக்கான நெஞ்சுக்கறி வெள்ளை.

மரியான் விஷயத்துக்குத்தான் வருகிறேன். அவன் சங்கு குளிப்பவன். கடற்கரையில் ஒருநாள் அவன் கூட்டாளிகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன கோழிக்கால் வாத்தியாரே, எங்க தொடைய அமுக்கிப் பாக்கிய, கொழம்பு வைக்கவா?" என்றான் மரியான்.

எங்கள் பள்ளித் தையல் டீச்சர் பிளாரன்ஸ் அங்கே நின்றாள். "பேரு நல்லாத்தான் பொருந்துது, எஸ்றா சார்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடம் முழுக்க நான் கோழிக்கால். அதை நான் பொருட்படுத்தவில்லை. பட்டப்பெயர் இல்லாதவன் இந்த ஊரில் யார்?

பிறகு அவனே என்னைத் தேடி வந்தான். உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. துறைமுகத்தில் நீச்சல்காரன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வெளியே நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரைவரை நீந்த வேண்டும். வழிகாட்ட முன்னால் ஒரு வள்ளம் போகும், அந்தப் படகைத் தொட்டால் தோல்வி.

"கலியாணம் வச்சிருக்கு. இந்த வேலை கெடைச்சாத்தான் பொண்ணு தருவாவ. நம்மால ஆவுமா, கோழிக்கால் வாத்தியாரே?"

நீந்தச் சொல்லிப் பார்த்தேன். தொடக்கத்தில் அம்பு, கொஞ்ச தூரத்தில் இரைப்பு. சந்தேகமே இல்லை, களவா.

"நீ சூரையாக்கும்லே" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. களவாவும் மெல்லப் போனால் கரை சேரும். இருக்கிற சிவப்புநார் இழுத்துவிடும். எல்லாம் வேகத்தில் இருக்கிறது. வேகத்தை வைப்பது முன்னால் போகிற வள்ளம். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் ஒத்திகை பார்த்தோம். துடுப்பு என் கையில். எடுத்த எடுப்பிலேயே விரட்டினேன்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றான்.

"சூரைக்கு என்னலே மெதுவு?"

பாதி தூரத்தில் புத்தகத்தில் படித்தபடியே நடந்தது. கை தண்ணீரை அறைவதை விட்டுத் தடவத் தொடங்கியது. தோள் கனத்து முகம் தாழ்ந்தது. பிறகு கையைத் தூக்கினான். கை தூக்கினால் துடுப்பை நீட்ட வேண்டும் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். நான் நீட்டவில்லை. அவன் கைக்கு ஒரு முழம் எட்டாமலே வள்ளத்தை வைத்துக்கொண்டேன். அதற்கும் நல்ல பழக்கம் வேண்டும்.

பட்டப்பெயருக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. புத்தகத்தில் இருந்ததைக் கண்ணால் பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான்.

முங்குவதற்கு முன் அவன் "வாத்தியாரே" என்று கூப்பிட்டான். வெறும் "வாத்தியாரே". முன்னால் கோழிக்கால் இல்லை.

இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது, ஐயா. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.