நாலாவது முழுக்கு

கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்காரச் சொன்னால் எனக்குப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது, ஐயா? அப்படி உட்கார்ந்தவனின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் எய்ந்துக்க தாத்தா, பெரியவங்க வராங்க" என்று ஒரு பொடியன் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மீதி விளங்கும்.

என் பெயர் தண்டபாணி. காத்திவாக்கம் குப்பத்தில்தான் பிறந்தேன், அங்கேயேதான் கிழவனானேன். செத்துப்போன பவுனம்மாள் என் கூடப்பிறந்த தங்கை. அவளைக் கடலில் முக்கியதற்காக நீங்கள் உள்ளே வைத்திருக்கும் வெற்றியும் விமலும் நல்ல பிள்ளைகள். நான் சொன்னதைத்தான் செய்தார்கள். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு இந்த வியாதி புதிதல்ல. அப்போது யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். என் அத்தை பட்டம்மாளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். கோயில் கோயிலாகக் கொண்டுபோய்த் தூணில் கட்டிவைத்தார்கள். எதற்கும் அடங்கவில்லை என்றதும் வலைக் கொட்டகையில் பழைய நங்கூரச் சங்கிலியால் காலைப் பூட்டிவிட்டார்கள். சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டால் அத்தை எழுந்துவிட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கொட்டகையிலேயேதான் அவள் செத்தாள்.

பவுனுக்குப் பதினேழு வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. அலறினாள், தலைமுடியைப் பிய்த்துக்கொண்டாள். இன்னொரு பெண்ணின் காலைப் பூட்ட எங்கள் நைனாவுக்கு மனசு வரவில்லை. வாசலுக்கு வந்து ஊரைக் கூட்டி, "எம் பொண்ணு மேல அம்மன் வந்துகீறா" என்று சொன்னார். நெற்றியில் மஞ்சளைப் பூசி, வேப்பிலையைக் கையில் கொடுத்து, மணைப்பலகை போட்டு உட்கார வைத்தார். நைனா செய்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். மாத்திரை இல்லாத காலத்தில் சங்கிலிக்குப் பதிலாக அவர் ஒரு பலகையைக் கொடுத்தார். கல்லெறிய வந்தவர்கள் கற்பூரம் கொண்டுவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் வரும். படகு இறக்கலாமா, பெண்ணை எங்கே கொடுக்கலாம் என்று கேட்பார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டு என்னென்னவோ சொல்லுவாள், ஒன்றுக்கொன்று ஒட்டாது. பக்கத்தில் நின்று பொருள் சொல்வது என் வேலை. முதலில் நைனா செய்தார், அவருக்குப் பிறகு நான். எனக்கு அது நன்றாகவே வந்தது. கடல் கொந்தளிப்பாக இருந்தால் போகாதே என்பேன், அதற்கு அம்மன் தேவையில்லை, கண் இருந்தால் போதும். ஆனால் நான் சொன்னால் எவன் கேட்பான்? அம்மன் சொன்னாள் என்றால் குப்பமே கேட்டது. ஆடித் திருவிழாவில் முதல் மரியாதைத் துண்டு வருஷா வருஷம் என் தோளில்தான் விழுந்தது.

மற்ற ஆறு நாளும் அவள் என்ன பாடுபட்டாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குரல் கேட்காமல் இருக்க ஈர மணலை எடுத்துக் காதில் அடைத்துக்கொள்வாள். காதில் சீழ் வைக்கும். அதைச் சுத்தம் செய்ததும் நான்தான், ஐயா. அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என் மகள் நர்மதாதான் போன வருஷம் பிடிவாதமாக அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பவுனு ஆளே மாறிவிட்டாள். ராத்திரியில் தூங்கினாள். உடம்பில் சதை பிடித்தது. கழிமுகத்துப் பெண்களோடு உட்கார்ந்து இறால் உரித்தாள், அவர்கள் கேலி பேசினால் இவளும் திருப்பிக் கொடுத்தாள். ஐம்பது வயதுக்கு மேல் பூப்போட்ட புடவை கேட்டாள். நான் வாங்கித் தந்தேன். சந்தோஷமாகத்தான் தந்தேன்.

ஆனால் குறி கேட்க வந்தவர்களிடம் அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: "அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வியாதிம்மா. மாத்திர போட்டுகினேன், பூடுச்சு."

அவளுக்கு அது நல்ல சேதி. எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இத்தனை வருஷமும் ஒரு வியாதிக்கா கற்பூரம் காட்டினோம் என்று குப்பம் வயிறு வலிக்கச் சிரித்தது. அம்மனின் அண்ணனாக இருந்தவன் லூசுப் பொம்பளையின் அண்ணனாகிவிட்டேன். பந்தியில் என்னை எழுப்பியது அப்போதுதான். ஊர்ப் பெரியவர் பக்தவச்சலம் வீட்டுக்கே வந்து, "தப்பா நெனச்சுக்காத தண்டபாணி. இந்த ஆடிக்கு மொத மரியாதய வேற வூட்டுக்குக் குடுக்கலாம்னு பேச்சு கீது" என்றார். தலையாட்டினேன்.

நர்மதா கல்யாணமாகிக் காட்டுப்பள்ளிப் பக்கம் போகும்போது மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "நைனா, ஒரு வேள கூட வுட்றாத" என்றாள். நான் விடவே இல்லை. இரண்டு வேளையும் தவறாமல் கொடுத்தேன். கொடுத்தது வேறு மாத்திரை. மருந்துக்கடையில் சத்து மாத்திரை கேட்டு வாங்கினேன். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். ஆஸ்பத்திரி மாத்திரையைக் கழிமுகத்தில் கொட்டினேன். ஆடி முடியும்வரைதான், பிறகு பழையபடி கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு ஆடி. அது பெரிய ஆசையாக எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு அவளே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, திரும்பவும் கேக்குது. நா மாத்திரய ஒயுங்காத்தான போட்டுகினு கீறேன்? அப்பறம் ஏன்ணா கேக்குது?"

"ஒண்ணு பத்தல போலக்கீது. ரெண்டா போட்டுக்க" என்றேன்.

இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, விழுங்கிவிட்டேன் பார் என்று வாயைத் திறந்து காட்டினாள். ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கம். நான் குனிந்து பார்த்தேன். சரி என்று சொன்னேன். அந்த வாயைப் பார்த்த கண்ணோடு இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த வெட்கம் வரவில்லை. நர்மதாவுக்கு போன் போடச் சொன்னாள், போடுகிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள், ஆடி முடியட்டும் என்றேன். மறுபடியும் காதில் மணலை அடைக்கத் தொடங்கினாள்.

அம்மன் திரும்பி வந்துவிட்டாள் என்று குப்பத்தில் நான்தான் சொன்னேன். கூழ் ஊற்றும் நாளில் இதுவரை வராத கூட்டம் வந்தது. சிரித்தவர்கள்தான் முதலில் வந்து விழுந்தார்கள். பக்தவச்சலம் தன் கையாலேயே என் தோளில் துண்டைப் போட்டார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் எனக்கு இனித்தது.

அப்போது பலகையில் இருந்த பவுனு எழுந்து நின்றாள். ஆடவில்லை, அலறவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்: "நா அம்மன் இல்லீங்க. எனக்கு ஒடம்பு சரியில்ல. யாராச்சும் என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. ஒங்க கால்ல வியறேன்."

தெளிவாகத்தான் சொன்னாள். கூட்டம் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பழக்கம் அப்படி. அவள் பேசினால் பொருள் சொல்ல நான் வேண்டும்.

"சோதிக்கிறா. ஊர்ல எவன் நம்புறான், எவன் நம்பலன்னு சோதிக்கிறா. உக்கிரம் தணியணும். கடலுக்குக் கொண்டும்போயி மூணு முழுக்குப் போடுங்க" என்றேன்.

மேளம் முழங்கத் தூக்கிப்போனார்கள். வெற்றி ஒரு தோளையும் விமல் ஒரு தோளையும் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பயபக்தியோடு முக்கினார்கள். அவள் திமிறினாள். அம்மனின் வேகம் அது, விடாதீர்கள் என்றேன். மூன்று முழுக்கு முடிந்தது. அத்தோடு கரைக்கு ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அத்தனை பேர் கேட்க இன்னொரு தடவை ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நம்பிவிடுவார்கள் என்று பயந்தேன். என் தோளில் துண்டு இன்னும் நனையாமலே இருந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை. என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, ஐயா.

"அண்ணா, இன்னொரு மாத்திர குடுண்ணா" என்றாள்.

மேளச் சத்தத்திலும் அலைச் சத்தத்திலும் பையன்களுக்குக் கேட்கவில்லை, எதிரே நின்ற எனக்கு அவள் வாயசைவிலேயே புரிந்தது. வெற்றி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா இன்னா சொல்லுது, மாமு?" என்று கேட்டான்.

"இன்னொரு முழுக்கு கேக்குது" என்று சொன்னேன்.