எழுநூறு மீட்டரில் நூல்கட்டை

என் அம்மா தூலா நகரில் தையல் வேலை பார்த்தவள், தோழர் மேஜர். அதனால்தானோ என்னவோ, அந்தக் குண்டுக்கு எங்கள் ஆட்கள் 'நூல்கட்டை' என்று பேர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு முனையும் தடித்து நடுவில் ஒடுங்கி, அச்சு அசல் அதேதான்.

நீங்கள் கேட்பது நான்கு நூல்கட்டைகளைப் பற்றி. அரிய உலோகம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. உங்கள் காகிதத்தில் 'சார்ஜன்ட் தல்கூஷின் குறி தவறியதால் வீண்' என்று இருக்கிறது. செத்தவன் மேல் பழி போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது நாற்பத்தைந்து மில்லிமீட்டர் பீரங்கி. 'விடைகொடு தாய்நாடே' என்று அதற்குச் செல்லப்பேர். டாங்கி கிட்டே வரும்வரை காத்திருந்து சுடுகிறவன் வேறு எப்படிப் பேர் வைப்பான்? சாதாரணக் குண்டின் வயிற்றில் ஒரு சிட்டிகை வெடிமருந்து இருக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் வெடித்து ஆட்களைத் தீர்த்துவிடும், ஆனால் தடித்த தகட்டில் நுழையாது. நூல்கட்டைக்குள் இருப்பது விரல் தடிமனில் ஒரு கெட்டி உலோகக் குச்சி. அது தடித்த தகட்டையும் துளைக்கும், ஆனால் உள்ளே போய் வெடிக்காது. எடையும் குறைவு. தக்கையை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் எவ்வளவு தூரம் போகும்? முந்நூறு மீட்டருக்குள் அது புலி, எழுநூறில் எலி. நான்கு பீரங்கிகள் கொண்ட என் பேட்டரியில் எல்லோருக்கும் இதை நானே கற்றுக்கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு மூடுபனிக் காலை, சாலையில் ஒரு டாங்கி வந்தது. சுடு என்றேன். மூன்றாம் பீரங்கியின் தலைவன் தல்கூஷின் சுட்டான். ஒரே குண்டு. பனி விலகியதும் பார்த்தால் நம்முடைய டாங்கி. உள்ளே நான்கு பேர் கருகிக் கிடந்தார்கள். கண்ணிவெடி என்று அறிக்கை எழுதினேன். செத்தவர்கள் எழுந்து வரப்போவதில்லை. இருக்கிறவர்களின் பிழைப்பைப் பார்க்க வேண்டும் அல்லவா.

தல்கூஷினுக்கு மட்டும் அது ஜீரணமாகவில்லை. ஜூலையில், சண்டைக்கு முதல் நாள், என் பதுங்குகுழிக்கு வந்தான்.

"கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது, தோழர் கேப்டன். இந்தச் சண்ட முடிஞ்சதும் ரெஜிமென்ட்டுக்குப் போயி உள்ளதச் சொல்லிடுறேன். உங்களுக்கு மொதல்ல தெரியணும்னு வந்தேன்."

"உன் இஷ்டம், யெஃபீம்," என்றேன்.

முதுகில் குத்தத் தெரியாத மனிதன். எனக்குப் பயமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நூல்கட்டைப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு அவன் பீரங்கிக்குப் போனேன். சுட்டதும் தூசி கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, குழலுக்கு முன்னால் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது புதுச் சரக்கு. மருந்து கூடுதல்," என்றேன். "எழுநூறுலயும் துளைக்குதுன்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க. நான் சொல்றப்போ போடு."

"மத்த பீரங்கிக்கெல்லாம்?"

"உனக்கு மட்டுந்தான்."

அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க எம்மேல கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

எங்கள் ஆட்கள் குடித்த அளவில் பொய் சொல்வார்கள், பெண்கள் விஷயத்தில் பொய் சொல்வார்கள். சுடும் தூரத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பிவிட்டான்.

பத்து மணிக்கு ஏழு ஜெர்மன் டாங்கிகள் மேட்டைத் தாண்டி வந்தன. மற்ற மூன்று பீரங்கிக்காரர்களிடமும் முந்நூறு வரும்வரை மூச்சு விடாதே என்று சொல்லி வைத்திருந்தேன். பிறகு தொலைபேசிக்காரி ஷூராவிடம், "மூணாவது பீரங்கி, எழுநூறு, நூல்கட்டை," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எழுநூறா, முந்நூறா?"

"எழுநூறு. சொல்லு."

சொன்னாள். அவள் மேல் தப்பில்லை, அவளை விட்டுவிடுங்கள்.

முதல் குண்டு முன்தகட்டில் பட்டுப் பொறி பறந்தது. இரண்டாவதும் அப்படியே. ஜூலை வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? மூன்றாவதில் தூசி ஆளுயரம் எழுந்தது. டாங்கிகள் அவன் பக்கம் திரும்பத் தொடங்கின. தொலைபேசி ஒலித்தது. நானே வாங்கிக்கொண்டேன்.

"பட்டுத் தெறிக்குது, தோழர் கேப்டன். என் கைதான் சரியில்ல போல."

"ஆமா, குறி வெலகுது," என்றேன். "பதறாம இன்னொண்ணு போடு."

போட்டான். அதற்குப் பிறகு அந்தக் கம்பியில் யாரும் பேசவில்லை.

அவனைப் பார்த்துத் திரும்பிய டாங்கிகள் தகடு மெலிந்த விலாவை எங்களுக்குக் காட்டின. சாதாரணக் குண்டாலேயே நான்கைக் கொளுத்தினோம். ரெஜிமென்ட்டில் பாராட்டினார்கள். டாங்கிகளை இப்படி விலா காட்ட வைக்கலாம் என்று முன்பே திட்டமிட்டிருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

மூன்றாம் பீரங்கியில் மொத்தம் ஐந்து பேர். மற்ற நால்வர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல பிள்ளைகள். ஐவருக்கும் பதக்கம் கேட்டு நானே எழுதினேன். தல்கூஷினின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பேட்டரியிலேயே சிறந்த குண்டுகளை அவனுக்குத்தான் கொடுத்தேன் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள், தோழர் மேஜர். தல்கூஷின் குறி தவறவில்லை, நான்கு குண்டும் வீணாகவில்லை. அவை டாங்கிக்காகக் கொடுத்தவை அல்ல. தல்கூஷினுக்காகக் கொடுத்தவை, ஒன்றுகூடத் தப்பவில்லை.