ஞாயித்துக்கிழமை மாத்திரை

இல்ல டாக்டரம்மா, முள்ளெல்லாம் இல்ல. பல்லு மொளச்ச நாள்லருந்து மீனு திங்கிறவ, எனக்கா முள்ளு சிக்கும்? நெஞ்சுக்குழிக்கு நேரா எரியுது. ஒரு மாசமா கஞ்சித்தண்ணி எறங்கவே நான் படுற பாடு! புத்துநோயா இருக்குமோன்னு மருமவ சோபியா மூலையில உக்காந்து அழுதா. அழுது முடிச்சுட்டு என் பங்கு மீனையும் அவளே தின்னுட்டா.

கொழாய விட்டுப் பாத்தீங்கள்லா, என்ன இருக்கு? புண்ணா? வெறும் புண்ணுதானே? மாதாவே! நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல தாயி.

மாத்திரையா? எலும்புக்குன்னு ஒண்ணு, வாரம் ஒருக்கா. வெறும் வயித்துல போடணுமாம், காலி பேட், காலி பேட்னு அந்த நர்ஸு இந்தியில படிச்சுப் படிச்சுச் சொன்னா. அச்சா, அப்ப ஞாயித்துக்கிழமதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். பூசைக்கு முன்னால எப்படியும் வெறும் வயிறுதானே.

தண்ணியா? ஐயோ, பூசையில சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதே! எச்சியக் கூட்டி முழுங்குவேன். நன்மை அப்பத்த அப்படித்தானே முழுங்குதோம், அது என்னைக்காவது நின்னுச்சா? முழுங்கிட்டு, கோயில்ல ரெண்டாம் மணி அடிக்கிற வரைக்கும் செத்த சாஞ்சுக்குவேன்.

என்ன தாயி, தலையில கைய வச்சுட்டீங்க? மாத்திரை அங்கேயே ஒட்டிக்கிட்டு அரிச்சிருக்கா? ஒரு டம்ளர் தண்ணி குடிச்சு, அரை மணி நேரம் நிமிந்து உக்காரணுமா? உக்காருதேன், நாள் பூரா வேணாலும் உக்காருதேன். ஞாயித்துக்கிழம தண்ணி மட்டும் ஆவாது.

தண்ணி குடிக்கலாம்னு சாமியாரும்தான் சொல்லுதாரு. இது என் நேர்ச்சையில்லா? தொண்ட பூரா புண்ணானாலும் மீற மாட்டேன்.

திங்கக்கிழமையா? அட, இது எனக்குத் தோணலையே! பேஷா போடுதேன்.

என்ன நேர்ச்சையா... அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. சுனாமி அடிச்சது ஞாயித்துக்கிழமதானே. எங்க வீட்டு ஆளு கார் நிகோபார் தீவுக்கு போட் வேலைக்குப் போயிருந்தாவ. ஆறு நாளு சேதி இல்ல. உசுரோட வந்தா, ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழம நன்மை வாங்காம சொட்டுத் தண்ணி தொட மாட்டேன்னு மாதாகிட்ட அழுதேன். ஏழாம் நாளு கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியில எவன் லுங்கியையோ கட்டிக்கிட்டு எறங்கி, என்னடி கொழம்புன்னு கேட்டாவ.

வெளிய டோக்கனுக்குச் சண்ட போடுத சத்தம் கேக்குதுல்லா? அவுகதான். ஒம்பது வருசமா அவுககிட்ட இதச் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க தாயி. தெரிஞ்சா அப்புறம் கையில புடிக்க முடியாது.